யூட்டிலைனன் கையெழுத்துப் படம்: 1943 அசல் என்கிறார்கள், வாங்கலாமா?

சாட்ஸ்வொர்த்_ஆல்பம்:
வணக்கம் அண்ணன்மாரே. ஃபின்லாந்துப் போர் விமானி இல்மாரி யூட்டிலைனனின் கையெழுத்துப் படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கருப்பு-வெள்ளை, பளபளப்புத் தாள், 8×10 அங்குலம். ப்ரூஸ்டர் விமானத்தின் பக்கத்தில் நிற்கிறார், விமானத்தின் உடம்பில் பி.டபிள்யூ.-364 என்ற எண் தெரிகிறது. மார்பில் பதக்கம் இல்லை. மூலையில் நீலப் பால்பாயிண்டில் கையெழுத்து. "1943-ல் எடுத்து அப்போதே போட்டது" என்கிறார் விற்பவர். 2,400 ராண்ட், ஹெல்சிங்கியிலிருந்து வரவேண்டும். எதையெல்லாம் சோதிக்கணும்? டர்பன் ஈரக்காற்றில் எப்படி வைக்கிறது?

லெனேசியா_லென்ஸ்:
தம்பி, படம் எடுத்த காலம், தாளில் அச்சான காலம், கையெழுத்து விழுந்த காலம் மூன்றும் வேறு வேறு. விற்பவர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

முதலில் மை. பால்பாயிண்ட் பேனா பரவலாகக் கடைக்கு வந்ததே 1945-க்குப் பிறகு. 1943-ல் ஃபின்லாந்து விமானத்தளத்தில் மைப்பேனா அல்லது பென்சில்தான். ஆகவே "அப்போதே" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டது.

அடுத்து படம். 364 அவர் ஓட்டிய விமானம்தான். ஆனால் 1943 தொடக்கத்தில் அவர் 24-ஆம் படையணியை விட்டு 34-க்குப் போய் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் ஏறிவிட்டார். மன்னர்ஹெய்ம் சிலுவை என்ற ஃபின்லாந்து வீரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது 1942 ஏப்ரல் 26. இடது மார்பில் அது இல்லையென்றால் 1941 அல்லது 42-இன் தொடக்கம் என்று நினைக்கலாம். எப்போதும் குத்திக்கொண்டு திரிந்தார் என்று சொல்ல முடியாது, அதனால் இது சாட்சி மட்டும், தீர்ப்பு அல்ல. விமானத்தின் உடம்பில் வெளிர்ப்பட்டை ஓடுகிறதா பாருங்கள். கருப்பு-வெள்ளையில் வெளிராகத் தெரியும் அந்த மஞ்சள் பட்டை 1941 ஜூனுக்குப் பின் வந்தது.

தாள்தான் எனக்குப் பெரிய சந்தேகம். அங்கே தாள் சென்டிமீட்டர் கணக்கு: 9×12, 13×18, 18×24. 8×10 அங்குலம் என்றால் பெரும்பாலும் பிற்பாடு போட்ட மறுபிரதி. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கை இருட்டறையில் தாளின் பின்பக்கம் காட்டச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி (தாளை வெள்ளையாகக் காட்டும் வேதிப்பொருள்) இருக்கிறது, 1950-களுக்கு முந்தைய தாள் அல்ல. ஒளிராவிட்டால் பழசு என்று குதிக்கவும் வேண்டாம். வெண்மையூட்டி போடாத தாள் பிறகும் வந்தது.

சாட்ஸ்வொர்த்_ஆல்பம்:
அப்படியானால் போலியா அண்ணே?

லெனேசியா_லென்ஸ்:
அப்படிச் சொல்லவில்லை. அவர் 1999 பிப்ரவரி 21 வரை இருந்தார், அதுவே 85-ஆவது பிறந்தநாளும். மறுபிரதியில் பின்னாளில் போட்ட உண்மைக் கையெழுத்தாக இருக்கலாம். அந்த விலையைக் கொடுங்கள், 1943 விலையை அல்ல.

10 மடங்கு லென்ஸில் கையெழுத்தைப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. உண்மையான பால்பாயிண்ட் என்றால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்கும்போது கோடு ஒரு பள்ளமாக விழுந்திருக்கும், வளைவுகளில் மை கட்டி நிற்கும், பளபளப்பில் வழுக்கி நடுவே விட்டுப்போயும் இருக்கும். பார்த்து வரைந்ததில் கோடு மெதுவாக நடுங்கும், தொடக்கமும் முடிவும் மழுங்கும். தாளில் வெடிப்பு இருந்தால் மை அதற்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் வெடித்த பிறகுதான் கையெழுத்து.

மாதிரிக்கு ஒப்பிட இன்னொரு கையெழுத்து வேண்டும். ஒன்று போதாது, குறைந்தது மூன்று பாருங்கள். யோர்மா கர்ஹுனன் மாதிரி நூல் எழுதிய விமானிகளுக்கு, கையெழுத்திட்ட புத்தகமே நல்ல ஆதாரம். அச்சான ஆண்டுக்கு முன் போட்டிருக்க வழியில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_ஆர்க்கைவ்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஃபின்லாந்து இராணுவத்தின் போர்க்காலப் படங்கள் ஏறக்குறைய 1,60,000 இணையத்தில் 2013 முதல் கிடைக்கின்றன. எவரும் இறக்கி அச்சடிக்கலாம். உங்கள் படம் அங்கே இருக்கிறதா தேடுங்கள்; இருந்தால் உங்கள் பிரதியில் கணினி அச்சுப்பொறியின் சீரற்ற மைத்துளிகள் இருக்கிறதா பாருங்கள். மற்ற ஃபின்லாந்துப் போர் விமானிகளில் லவுரி நிஸ்ஸினன் 1944 ஜூன் 17-இல் இறந்தார், சர்வான்தோ 1963-இல், லூக்கனன் 1964-இல். இவர்கள் பெயரில், இவர்கள் காலத்துக்குப் பின் பரவிய ஸ்கெட்ச் பேனாவில் கையெழுத்து வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

விமானத்தில் உள்ள நீல ஸ்வஸ்திக்கைப் பார்த்து வீட்டில் கேட்டால் சொல்லுங்கள்: அது 1918-இல் ஸ்வீடன் பிரபு ஒருவர் கொடுத்த விமானத்தோடு வந்தது, 1945 வரை அவர்கள் போர் விமானங்களின் சின்னம்.

சுங்கம்: மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி அதன்மேல் 15 சதவீத வாட் வரி. 2,400-க்கு 2,640, வரி 396 ராண்ட், தீர்வை எதுவும் இல்லையென்று வைத்து. கொரியர் கட்டணம் தனி. மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள், தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைதான். சுருட்டி அனுப்பக் கூடாது, மேல்பூச்சு வெடிக்கும். படத்தைவிட இரண்டு அங்குலம் பெரிய இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வரட்டும்.

வைப்பதற்கு: பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், கையெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்தால் கதை முடிந்தது. அமிலமில்லாக் காகித உறை, அதை மூடிய பெட்டிக்குள், கூடவே ஈரமானி. ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதம் நல்லது. 70-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், டர்பனில் பிப்ரவரியில் அது சர்வசாதாரணம். சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கி உலர்த்துங்கள். சட்டம் போட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டைச் சட்டம் இருக்கணும். பளபளப்புத் தாள் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டினால் பிரிக்கவே வராது.

சாட்ஸ்வொர்த்_ஆல்பம்:
நன்றி. பின்பக்கப் படமும் புற ஊதாப் படமும் கேட்டிருக்கிறேன். அனுப்ப மறுத்தால் விட்டுவிடுகிறேன்.