கரிசல் மண்ணும் உறைபனியும்: ஹாரிஸ்மித்தில் இப்போது கான்கிரீட் போடலாமா?

மலையடிவாரம் (ஜூன் 18)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பீரியா மேட்டின் சிவப்பு மணலில் அப்பா கடைக்கால் எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தை விட்டு மூன்று வருடம் முன்பு லாரி டயர் வேலைக்காக ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் ஹாரிஸ்மித்துக்கு வந்தேன். எங்கள் சித்தப்பா ஜோபர்க்குக்கு (ஜோகன்னஸ்பர்க்) லாரி ஓட்டிய காலத்தில் ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கவே கூடாது. அந்தச் சட்டம் 1980களின் நடுவில்தான் போனது. இப்போது பிளாட்பெர்க் மலையைப் பார்த்தபடி எனக்கு ஒரு வீடு. அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். வாசலிலிருந்து கராஜ் வரை 12 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலத்தில் கார் போக ஒரு கான்கிரீட் தளம் வேண்டும். பின்னால் அம்மாவுக்கு இரண்டு அறை கட்ட வேண்டும். மண் கன்னங்கரேல். இப்போது அதில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம், காலையில் தோட்டக் குழாய்க்குள் ஐஸ் நிற்கிறது.

போன வாரம் ஒரு கொத்தனார் மாதிரிக்கு என்று கேட் அருகில் 2 மீட்டருக்குப் போட்டார். மாலை நாலு மணிக்கு. அன்று இரவு மைனஸ் 5. மறுநாள் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. மூன்று நாள் கழித்து நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. கேட்டால் "குளிருக்கு மெதுவாகத்தான் இறுகும்" என்கிறார்.

ஆடிக் கஞ்சிக்கு டர்பனிலிருந்து எட்டுப் பத்து கார் வரும். அதற்குள் தளமாவது முடிய வேண்டும். முடியுமா? இல்லை, வெயில் காலம் வரை காத்திருக்க வேண்டுமா?

பாதிக் கொத்தனார் (ஜூன் 18)

என் மைத்துனர் கனடாவில் வின்னிபெக்கில் இருக்கிறார். அங்கேயும் களிமண், அங்கேயும் உறைபனி. மண் உறைகிற ஆழத்துக்குக் கீழே அஸ்திவாரம் போக வேண்டும் என்பதுதான் அங்கே முதல் விதி. ஆறடி தோண்டுகிறார்கள். நீங்களும் குறைந்தது நாலடி தோண்டுங்கள். உறைபனி தூக்கினால் வீடு போச்சு.

பழைய கரணை (ஜூன் 19)

பாதிக் கொத்தனார் கோபித்துக்கொள்ளக் கூடாது. வின்னிபெக் விதி வின்னிபெக்குக்கு. அங்கே மாதக் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதால் குளிர் ஆழமாக இறங்குகிறது. கீழேயிருக்கும் தண்ணீர் மேலே இழுக்கப்பட்டு மண்ணுக்குள் ஐஸ் தகடாகப் படிந்து கட்டடத்தையே தூக்குகிறது. ஹாரிஸ்மித்தில் இரவு மைனஸ் 5 என்றாலும் மதியம் 15 டிகிரி வெயில் அடிக்கும். உறைவது மண்ணின் மேல்தோல் மட்டும், பத்து மணிக்கெல்லாம் இளகிவிடும். உறைபனிக்குப் பயந்து நாலடி தோண்டுவது வீண் செலவு.

தம்பி, நான் ஜோபர்க் பக்கத்து லெனேசியாக்காரன். ஃப்ரீ ஸ்டேட்டின் வடக்கு எல்லையான வால் (Vaal) நதியின் இரண்டு கரையிலும் 34 வருடம் கரணை பிடித்தவன், இப்போது முழங்கால் விடவில்லை. அந்தப் பக்கமும் இதே கறுப்பு மண்தான். இங்கே அதை டர்ஃப் என்பார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த என் பாட்டனாருக்கு அது கரிசல்.

நீங்கள் குளிரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். குளிர் உங்கள் கான்கிரீட்டுக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் எதிரி. மண் அதற்கு ஆயுள் முழுக்க எதிரி. நம் மேட்டு நிலத்தில் குளிர்காலம் என்றால் மழையில்லாத காலம், மே முதல் செப்டம்பர் வரை கரிசல் சுருங்கிக்கொண்டே போகும். நீங்கள் பார்க்கும் வெடிப்பு அதுதான். காய்ந்து கல் மாதிரி இருக்கிறதே, நல்ல தரை என்று அதன் மேலே நேராகக் கான்கிரீட் போட்டால், மண் மிகமிகச் சுருங்கி நிற்கும் நேரத்தில் மூடி போட்டதாகிவிடும். புரட்டாசி முடிந்து இடிமழை இறங்கியதும் ஓரங்கள் முதலில் குடித்து உப்பும். வருடம் போகப் போக, மூடிய நடுப்பகுதியில் ஆவி வெளியேற வழியில்லாமல் ஈரம் சேர்ந்து நடு உப்பும். வீட்டுச் சுவரில் சாய்ந்த வெடிப்பு ஜன்னல் மூலையிலிருந்து கிளம்புவது இதனால்தான்.

முதலில் அந்த மாதிரித் துண்டைப் பற்றி. அது இனி இறுகாது, உடைத்துப் போடுங்கள். மெதுவாக இறுகுவது வேறு, உறைந்து கெடுவது வேறு. தண்ணீர் ஐஸாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். பிடிப்பு வராத பச்சைக் கான்கிரீட்டில் அது உள்ளேயிருந்தே பிளந்துவிடும். பிறகு எத்தனை வெயில் பட்டாலும் போன பலம் திரும்பாது. 3.5 மெகா பாஸ்கல் (கான்கிரீட்டின் பலத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பலம் வந்துவிட்டால் ஓர் இரவு உறைபனியைத் தாங்கும். அந்த அளவு வரும்வரை கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மாலை நாலு மணிக்குப் போட்டதுதான் பெரிய தப்பு. காலை ஒன்பதரை பத்துக்குத் தரையில் உறைபனி போன பிறகு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடியுங்கள். 5 டிகிரிக்குக் கீழே இருந்து, இன்னும் இறங்கும் என்றால் அன்றைக்குக் கலவையே வேண்டாம். மணலையும் ஜல்லியையும் முந்தின இரவே தார்ப்பாயால் மூடுங்கள், உறைந்த மணல் கட்டி கலவைக்குள் போகக் கூடாது. தண்ணீரைக் காய்ச்சி ஊற்றலாம். ஆனால் கொதிக்கிற தண்ணீரைச் சிமெண்ட் தலையில் ஊற்றாதீர்கள், மணல் ஜல்லியோடு முதலில் சுற்றவிட்டு அப்புறம் சிமெண்ட். கடையில் மூட்டை வாங்கும்போது அதில் அச்சிட்ட பலத்தின் எண்ணைக் கவனியுங்கள். 32.5 என்று போட்ட கலப்புச் சிமெண்ட் வெயில் காலத்துக்கு நல்லது, குளிரில் சோம்பேறி. 42.5 அல்லது 52.5 வாங்குங்கள். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு மணல் இரண்டு தள்ளுவண்டி, ஜல்லி இரண்டு தள்ளுவண்டி. கார் தளத்துக்கு அது போதும்.

இன்னொன்று, இளம் கொத்தனார்கள் இதில்தான் சறுக்குவார்கள். குளிரில் மேலே கசியும் தண்ணீர் வற்ற நேரமாகும். பொறுமையில்லாமல் அதன் மேலேயே கரணை ஓட்டினாலோ, உறிஞ்சட்டும் என்று வெறும் சிமெண்டைத் தூவினாலோ மேல்தோல் உதிரும். நகத்தில் வந்த மாவில் பாதி அந்தக் கைங்கரியமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

சாயங்காலம் மூன்று மணிக்கே மூடிவிட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் குளிரைத் தடுக்காது. பிளாஸ்டிக், அதன் மேல் ஒரு சாண் உயரம் உலர்ந்த வைக்கோல், அதன் மேல் இன்னொரு பிளாஸ்டிக், ஓரத்தில் செங்கல். உங்கள் பக்கம் டெஃப் புல் கட்டு எந்தப் பண்ணையிலும் கிடைக்கும், மாட்டுக்குத்தானே என்று மலிவாகக் கொடுப்பார்கள். மூன்று இரவு வைக்கோலை எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் ஏழு நாள் இருக்கட்டும். டர்பனில் செய்வதுபோல மாலையில் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட வேண்டாம், அது இரவில் ஐஸ் ஆகும்.

12 மீட்டரையும் ஒரே நாளில் போடாதீர்கள். 3 மீட்டர் வீதம் நாலு கட்டம். ஒரு கட்டம் 100 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கன மீட்டர் சொச்சம், ஒரு மிக்ஸரும் நாலு ஆளும் மதியத்துக்குள் முடித்துவிடலாம், மூடவும் நேரம் இருக்கும். ஒன்றாம் கட்டம், மூன்றாம் கட்டம் முதலில், பிறகு இரண்டும் நாலும். கராஜ் தரையோடு கம்பி வைத்துக் கட்டிவிடாதீர்கள். நடுவில் 10 மில்லிமீட்டர் மெத்துப் பலகை (தெர்மோகோல் மாதிரி) வையுங்கள், இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கட்டும்.

அடித்தரைக்கு: கரிசலை 300லிருந்து 450 மில்லிமீட்டர் வரை வெட்டி எடுத்துவிட்டு, களி இல்லாத சரளை மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்காகப் போட்டுத் திமிசு அடியுங்கள். தயவுசெய்து ஆற்று மணல் கொட்டாதீர்கள். களிமண்ணுக்குள் மணல் நிரப்பினால் அது தொட்டி. மழைத்தண்ணீர் அதில் நின்று சுற்றியுள்ள கரிசலுக்கு நிதானமாகக் குடிக்கக் கொடுக்கும். வெட்டிய குழியின் அடியை மூன்று நாள் லேசாக நனைத்து, இரவில் மூடி வைத்து, ஈரம் இறங்கிய பிறகு சரளை போடுங்கள். சேறாக்க வேண்டாம்.

அம்மாவின் அறைகளைப் பற்றி நான் இங்கே உட்கார்ந்து சொல்ல மாட்டேன். அதற்கு இன்ஜினியர் வேண்டும். அதற்கு முன் பின்புறம் ஒன்றரை மீட்டர் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். கட்டியை உடைத்தால் உள்முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுக்குகிறதா என்று சொல்லுங்கள், மினுக்கினால் அது உப்பிச் சுருங்கும் களி.

வெல்கம் அக்கா (ஜூன் 20)

பெரியவர் சொன்னது அத்தனையும் என் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது, வாசித்துக் கொள்ளலாம். எங்கள் வெல்கம் போன்ற ஃப்ரீ ஸ்டேட் தங்கச் சுரங்க ஊர்களில் களிமண் வீட்டை உடைப்பது 1950களிலிருந்து தெரிந்த கதை. ஆனாலும் நாங்கள் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. வருடா வருடம் வெடிப்பைப் பூசிப் பூசிக் கடைசியில் கண்டுபிடித்தது, சமையலறைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் மூட்டு விட்டிருந்தது. வீட்டின் அந்த மூலைக்கு மட்டும் நித்தம் தண்ணீர். எதிர் மூலையில் வீட்டுக்கு மூன்று மீட்டரில் ஒரு யூகலிப்டஸ், அது மறுபக்கம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ஏற, ஒரு பக்கம் இறங்க, நடுவில் நான் பூசிக்கொண்டிருந்தேன்.

தம்பி, அம்மா அறைக்கு அசையும் மூட்டு உள்ள குழாய் போடச் சொல்லுங்கள். சுற்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெளிப்பக்கம் சாய்ந்த கான்கிரீட் நடைபாதை. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழவே கூடாது. மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் தள்ளி நடுங்கள். முருங்கை நட ஆசைப்பட்டால் தொட்டியில் வையுங்கள். உறைபனியில் எப்படியும் கருகும்.

மலையடிவாரம் (ஜூன் 29)

குழி தோண்டினேன். அண்ணா, மினுக்குகிறது. கண்ணாடித் துண்டு மாதிரி. வீட்டிலேயே இன்னொன்றும் செய்தேன்: காயவைத்துப் பொடித்துச் சலித்த மண் 10 மில்லியை, மருந்து அளக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீருக்குள் போட்டு ஒரு நாள் விட்டேன். 17 மில்லிக்கு வந்து நின்றது. மனைவி அந்தக் குழாயை இனி சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பழைய கரணை (ஜூன் 30)

பத்து பதினேழானால் 70 விழுக்காடு உப்பல். 50ஐத் தாண்டினாலே நான் சாதாரண அஸ்திவாரத்தில் கை வைக்க மாட்டேன். இன்ஜினியர் வந்து மண்ணுக்கு ஒரு வகை எழுதிக் கொடுப்பார். என்.எச்.பி.ஆர்.சி (வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் தேசிய வாரியம்) கணக்கில் எச் என்றால் ஏற்ற இறக்கம் 7.5 மில்லிமீட்டருக்குள், எச்1 என்றால் 15 வரை, எச்2 என்றால் 30 வரை, அதற்கு மேல் எச்3. எச்2 என்று வந்தால் விட்டம் வைத்த கான்கிரீட் ராஃப்ட் கேட்பார். வீடு முழுக்க ஒரே தெப்பம், மண் அசைந்தாலும் மொத்தமாக மிதக்கும். கம்பிச் செலவைக் கேட்டு மயங்கி விழாதீர்கள். அறைகளை இந்தக் குளிருக்குள் அவசரப்படுத்தாதீர்கள், அம்மா இன்னும் நாலு மாதம் உள்ளறையில் படுத்தால் ஒன்றும் ஆகாது. கார் தளத்தை மட்டும் முடியுங்கள்.

பாதிக் கொத்தனார் (ஜூன் 30)

நான் வாபஸ். மைத்துனரிடம் கேட்டேன், அங்கேயும் புதுக் கான்கிரீட்டுக்கு மேல் போர்வை போடுகிறார்களாம். அவர்கள் கலவையில் நுண்ணிய காற்றுக் குமிழி வரும் மருந்து சேர்க்கிறார்களே, அது நமக்கு வேண்டாமா?

பழைய கரணை (ஜூலை 1)

ரெடிமிக்ஸ் லாரியில் வாங்கினால் கேட்டுப் பாருங்கள், நல்லதுதான். இறுகிய கான்கிரீட்டுக்குள் தண்ணீர் உறைந்தால் அந்தக் குமிழிகளில் அதற்கு இடம் கிடைக்கும். ஆனால் ஈரம் ஊறிய கான்கிரீட் மாறி மாறி உறைந்து இளகும் ஊருக்குத்தான் அது உயிர்நாடி. நமக்குக் குளிர் வரும்போது மழை இல்லை. கையால் மருந்து அளந்து ஊற்றி அளவு தப்பினால் பலம் போகும், மிக்ஸரில் விளையாட வேண்டாம்.

மலையடிவாரம் (அக்டோபர் 27)

நன்றி சொல்லாமல் இருந்துவிட்டேன், மன்னிக்கவும். ஜூலையில் நாலு கட்டமும் போட்டோம். மூன்றாவது கட்டத்தன்று காலை பதினொன்று வரை வெப்பமானி 4ஐத் தாண்டவில்லை, ஆட்களுக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு மறுநாள் போட்டேன். பண்ணைக்காரர் எட்டு டெஃப் கட்டு கொடுத்தார், பிறகு அவரே வந்து திரும்ப எடுத்துப் போய் மாட்டுக்குப் போட்டார். ஆடிக் கஞ்சிக்கு ஒன்பது கார் நின்றது. அறைகளுக்கு எச்2 என்று எழுதி வந்திருக்கிறது. ராஃப்டுக்குக் கம்பி கட்டும் வேலை நடக்கிறது, கம்பிச் செலவைக் கேட்டு மயங்கத்தான் செய்தேன்.

போன வாரம் பெரிய இடிமழை. தளம் அசையவில்லை, இரண்டாம் கட்டத்தில் மட்டும் மயிரிழை வெடிப்பு ஒன்று. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கேட் அருகிலிருந்த மாதிரித் துண்டில் பாதியைத்தான் உடைத்தேன். இடது பக்கக் கதவு நிற்கிற பாதியை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது அது ஒரு விரல் கனம் எழும்பி நிற்கிறது. கதவு திறக்கவில்லை. வலது கதவு வழியாக மட்டும் காரை ஒடித்து ஒடித்து எடுக்கிறேன், சனிக்கிழமை சம்மட்டியோடு இரண்டு பேர் வருகிறார்கள்.