ஆறு ஃபேனுக்கு இடம் இருந்தால் ஆறையும் மாட்ட வேண்டுமா?

கரிசல் ஸ்டூடியோ:
வணக்கம் நண்பர்களே. கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். போன மாதம் ரைசன் 7 7700 ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு வைத்துப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தேன். கேபினெட்டின் முன்பக்கம் முழுக்க வலை. முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என ஆறு 120 மிமீ ஃபேனுக்கு இடம் இருக்கிறது. கேபினெட்டோடு வந்தவை மூன்று. முன்னால் மேலேயும் நடுவிலும் இரண்டு, பின்னால் ஒன்று. ஏசி கிடையாது, மதியம் அறைக்குள் 36 டிகிரி. அரை மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓடினால் ப்ராசசர் 84, கிராபிக்ஸ் கார்டு 77. சத்தம் வேறு தாங்கவில்லை, ஆடியோ வேலை பார்க்கவே முடியவில்லை. மீதி மூன்று இடத்தையும் நிரப்பச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

காற்றாடி:
தாராளமாக வாங்குங்கள். முன்னால் மூன்றும் காற்றை உள்ளே இழுக்கட்டும், மேலே இரண்டும் பின்னால் ஒன்றும் வெளியே தள்ளட்டும். சூடான காற்று மேலே போகும், அதை மேலேயே வெளியேற்றுவதுதான் முறை. ஃபேன் கூடினால் சத்தம் கூடும் என்று பயப்பட வேண்டாம். ஒரே மாதிரி ஃபேனை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். வேகத்தைப் பாதியாக்கினாலோ ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். மூன்று ஃபேன் 1400 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1400 சுற்று) அலறுவதைவிட ஆறு ஃபேன் 800-ல் ஓடுவது எவ்வளவோ அமைதி.

நிசப்தம்:
சத்தக் கணக்கு சரி, மறுக்கவில்லை. மற்றதெல்லாம் தவறு. சூடான காற்று தானாக மேலே ஏறும் வேகம், ஃபேன் தள்ளும் வேகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேபினெட்டுக்குள் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஃபேன்கள்தான்.

மேலே முன்பக்கமாக ஒரு ஃபேனை வெளியே பார்த்து மாட்டினால் என்ன ஆகும்? முன்னாலிருந்து குளிர்ந்து வரும் காற்று ப்ராசசர் கூலரைத் தொடும் முன்னேயே கூரை வழியாக ஓடிவிடும். அந்தக் காற்றை இழுத்துக் கொண்டுவந்த ஃபேனின் உழைப்பு வீண்.

அப்புறம் தூசி. மூன்று உள்ளே, மூன்று வெளியே என்றால் சமம் என்று நினைப்போம், அப்படி இல்லை. உள்ளே இழுக்கும் ஃபேனுக்கு முன்னால் டஸ்ட் ஃபில்டர் இருக்கிறது, வெளியே தள்ளும் ஃபேனுக்கு எந்தத் தடையும் இல்லை. அதனால் வெளியே போவது அதிகம். பற்றாக்குறைக் காற்றை கேபினெட் பின்பக்க ஓட்டைகள், யூஎஸ்பி இடுக்கு என்று கிடைத்த வழியில் எல்லாம் உறிஞ்சும். அந்த வழிகளில் ஃபில்டர் கிடையாது. கோவில்பட்டிக் காற்றை அப்படி உள்ளே விடாதீர்கள். முன்னால் கீழே காலியாக இருக்கும் இடத்தில் ஒன்று மாட்டுங்கள், போதும்.

காற்றாடி:
நாலு ஃபேன் போதும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அவர் அறையே 36 டிகிரி. ஏசி அறையில் உட்கார்ந்து சோதித்த முடிவை அவர் தலையில் கட்டக்கூடாது.

நிசப்தம்:
கணக்கு போடுவோம். கார்டு 200 வாட், ப்ராசசர் அதிகபட்சம் 88 வாட், மதர்போர்டு, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 350 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்று ஒரு டிகிரி சூடாக சுமார் 1200 ஜூல் வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கும் வெளியே போகும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கலாம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 105 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். நொக்டுவா என்எஃப்-ஏ12x25 ஃபேன் ஒன்றே 2000 ஆர்பிஎம்மில் மணிக்கு 102 கன மீட்டர் தள்ளும் என்று அந்த நிறுவனமே போட்டிருக்கிறது.

அறை 36 என்றால் உள்ளே எல்லாம் அதற்கேற்ப ஏறும். 26 டிகிரி அறையில் 67 காட்டும் கார்டு 36-ல் 77 காட்டத்தான் செய்யும். எத்தனை ஃபேன் மாட்டினாலும் அறையைவிடக் குளிரச் செய்ய முடியாது.

காற்றாடி:
நீங்கள் சொன்ன 102 என்பது முன்னால் எதுவுமே இல்லாதபோது கிடைப்பது. 1000 ஆர்பிஎம்முக்கு இறக்கினால் காற்றும் பாதி, 51. தள்ளும் அழுத்தமோ கால் பங்காகிவிடும். ஃபில்டரும் வலையும் அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். அமைதியும் வேண்டும், காற்றும் வேண்டும் என்றால் எண்ணிக்கையைக் கூட்டாமல் வேறு வழி? உங்கள் கணக்கு என் கட்சிக்குத்தான் பேசுகிறது.

நிசப்தம்:
உள்ளே இழுக்கும் பக்கத்தில் எண்ணிக்கை கூடட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். வெளியே தள்ளும் பக்கத்தில் கூட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. முன்னால் மூன்று மெதுவாக ஓடினாலே இவர் சுமைக்குப் போதும், உள்ளே வந்த காற்று பின்வழியாக எப்படியும் வெளியேறிவிடும்.

சர்வீஸ் அண்ணாச்சி:
நெல்லையில் பதினெட்டு வருசமாக சர்வீஸ் பார்க்கிறேன். தம்பி, வாங்குவதற்கு முன்னால் மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில் ஃபேன் வயரின் முனையைப் பாருங்கள், மூன்று பின்னா (ஊசித் துளை), நாலு பின்னா? மூன்று பின் என்றால் பயாசில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) அந்த ஹெட்டர், அதாவது மதர்போர்டில் ஃபேன் வயரைச் செருகும் இடம், டிசி மோடில் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் முறை) இருக்க வேண்டும். நாலு பின் ஃபேனுக்கான பிடபிள்யூஎம் மோடில் கிடந்தால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். சத்தம் என்று என்னிடம் வரும் சிஸ்டங்களில் பாதி இந்தக் கேஸ்தான்.

அடுத்தது, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டிப் பாருங்கள். வெப்பம் நன்றாக இறங்கினால் கேபினெட்டுக்குக் காற்று போதவில்லை. இறங்கவே இல்லையென்றால் குறை கூலரிலோ அதற்கு அடியில் பூசும் பேஸ்ட்டிலோ இருக்கிறது, ஃபேன் வாங்கிப் பிரயோசனமில்லை.

மூன்றாவது, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி முன்பக்க வலை, பின்பக்க இடுக்கு என்று ஒவ்வொரு இடமாகத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், சாம்பல் உள்ளே விழக்கூடாது. எங்கே புகை உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று கண்ணாலேயே தெரியும். குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கமாகத்தான் ஃபேன் காற்றைத் தள்ளும். புது கேபினெட்டிலேயே பின் ஃபேனைத் திருப்பி மாட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கரிசல் ஸ்டூடியோ:
அண்ணாச்சி, கோடி நன்றி. மூன்றுமே மூன்று பின், பயாசில் பிடபிள்யூஎம் என்றுதான் இருந்தது! டிசிக்கு மாற்றி 900-ல் வைத்ததும் அறையே அமைதியாகிவிட்டது. ஆனால் கார்டு 80-ஐத் தொட்டது. கண்ணாடியைக் கழற்றினால் 71. அப்படியானால் காற்றுதான் போதவில்லை, இல்லையா? நாலு பின் உள்ள ஃபேன் இரண்டு வாங்கி வருகிறேன்.

நிசப்தம்:
ஒன்றை முன்னால் கீழே மாட்டுங்கள். கார்டின் ஃபேன்கள் கீழிருந்துதான் காற்றை உறிஞ்சுகின்றன, இப்போது அங்கே புதுக் காற்றே வரவில்லை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) தனக்கு வேண்டியதை அடியிலிருந்து எடுத்துப் பின்னால் விடுகிறது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேபினெட் ஃபேன்களை ப்ராசசர் வெப்பத்தோடு மட்டும் கட்டிப்போடாதீர்கள். ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கார்டின் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காற்றாடி:
இரண்டாவதை மேலே, பின் ஓரமாக மாட்டிப் பாருங்கள். முன் ஓரத்தில் வேண்டாம், அந்த ஒரு விஷயத்தில் நிசப்தம் சொல்வதை ஏற்கிறேன்.

கரிசல் ஸ்டூடியோ:
நேற்றும் இன்றும் மதியம் சோதித்தேன். இரண்டு நாளும் அறை 35, எல்லா ஃபேனும் 900. முன்னால் கீழே மாட்டியதும் கார்டு 80-லிருந்து 73-க்கு வந்தது, ப்ராசசர் 85-லிருந்து 83. அடுத்த ஃபேனை மேலே பின் ஓரத்தில் வைத்தபோது ப்ராசசர் 80, கார்டு அப்படியே 73. அதையே முன் ஓரத்துக்கு நகர்த்தினால் ப்ராசசர் மறுபடி 82. இப்போது பின் ஓரத்திலேயே வைத்திருக்கிறேன். ஊதுபத்தி வைத்துப் பார்த்ததில் பின்பக்க இடுக்குகளில் புகை வெளியேதான் வருகிறது.

காற்றாடி:
3 டிகிரி இறங்கியிருக்கிறது, பார்த்தீர்களா? மேலே ஃபேன் வீண் என்று இனி சொல்லாதீர்கள்.

நிசப்தம்:
அந்த ப்ராசசர் 95 வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 83-ஐ 80 ஆக்க ஒரு ஃபேனும், கூரையில் தூசி இறங்க ஒரு திறப்பும் தேவையா? சிஸ்டத்தை அணைத்த பிறகு மேலே உள்ள வலை வழியாகத்தான் தூசி விழும். அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு கூரையை மூடச் சொல்வேன்.

சர்வீஸ் அண்ணாச்சி:
கூரையை இப்போதைக்கு மூட வேண்டாம் தம்பி, மே மாதம் இன்னும் வரவில்லை. வேலை முடிந்து அணைத்ததும் மேலே ஒரு துணி போடுங்கள், ஆன் செய்யும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். முன் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிட்டால் பேரிங் போய்விடும்.

நிசப்தம்:
சரி, துணி நல்ல யோசனை. கரிசல் தம்பி, ஆறு மாதம் கழித்து பக்கக் கண்ணாடியைத் திறந்து கார்டின் மேல்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கூரைத் திறப்புக்கு நேர் கீழே தூசி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

காற்றாடி:
போடுங்கள். மே மாத வெப்பக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.