ஒத்தைப் பனை, ஒத்தை ஆடு: தனியா நிக்கிறதைப் படம் எடுக்கப் போனப்ப உறுத்தினது எது?

செம்மணல்:
தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடு, குதிரைமொழித் தேரி. காயாமொழிப் பக்கத்துலேர்ந்து உள்ள போற வழி. மேட்டு மேல ஒத்தைப் பனை. எல்லாரும் எடுத்த பனைதான், அதைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. இன்னும் உறுத்துறது காலடித்தடம்.

சூரியன் எழுந்து பத்து நிமிஷம். அலை அலையா மணல், ஒவ்வொரு அலைக்கும் ஒரு கறுப்பு நிழல். அதுக்கு நடுவுல படத்தோட அடியிலேர்ந்து பனை மூடு வரைக்கும் தையல் போட்ட மாதிரி ஒரு தடம். வேற யாரோடதும் இல்ல, கொஞ்சம் முன்னாடி "கிட்டப் போய்ப் பார்ப்போம்"னு போய்ட்டு வந்த என் கால்தான்.

தேரியில வரிசை இதுதான்: முதல்ல தூரம், அப்புறம் கிட்ட. மரத்தைச் சுத்தி வரணும்னா குறைஞ்சது 200 மீட்டர் தள்ளி, மேட்டுக்குப் பின்பக்கமா வாங்க. தடம் விழுந்தபிறகு ஓலையால கூட்டி அழிக்கப் பாக்காதீங்க, கூட்டின இடம் தடத்தை விட அசிங்கமாத் தெரியும். ஆனி, ஆடிக் காத்துல மணல் தானா மூடிக்கும். ஆனா அந்தக் காத்துல ஓலை ஆடுற ஆட்டத்துக்கு ஷட்டர் 1/500க்குக் கீழ இறங்க முடியாது, லென்ஸ் கழட்டவும் முடியாது. வெளிய நீண்டு வர்ற ஜூம்னா மணலை உள்ள இழுத்துக்கும், திருப்பும்போது நறநறன்னு சத்தம் கேக்கும்.

இன்னொண்ணு, சிவப்பு. அந்த மணல் ஒவ்வொண்ணும் இரும்பாக்சைடு பூசினது. காலை, மாலை வெயில்ல சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) நடுவுல சாதுவா நிக்கும். மூணு நிறத்தையும் தனித்தனியாப் பிரிச்சுக் காட்டறதைப் பாருங்க, சிவப்பு மட்டும் வலது ஓரத்துல முட்டிக்கிட்டு இருக்கும். வீட்டுக்கு வந்து திறந்தா மணல் அலையெல்லாம் காணாமப் போய் தக்காளிச் சட்னி தடவின மாதிரி ஒரு பரப்பு. வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்லேர்ந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் (ஒரு ஸ்டாப் குறைச்சா பாதி வெளிச்சம்) குறைச்சு எடுங்க. ஒயிட் பேலன்ஸை ஆட்டோல விடாதீங்க, அது சிவப்பைத் தப்புன்னு நினைச்சுத் திருத்தி, தேரியை மெரினா ஆக்கிடும். 5200 கெல்வின்ல பூட்டி வச்சா போதும். லென்ஸ் 24 எம்எம் (அகலமாக் காட்டறது), எஃப் 11 (லென்ஸ் துளை அளவு).

தொலைவாடி:
மேல சொன்னதுல கடைசி வரி மட்டும் ஒத்துக்க முடியல. ஒத்தைப் பனைக்கு 24 எம்எம் ஏன்? 24ல பனை தனியா நிக்காது. கூடவே பக்கத்து உடைமரம், அந்தாண்ட முந்திரி, ஓரத்துல செல்போன் டவர் எல்லாம் வரும். "தனி"ங்கறதை மரம் தராது, நாம நிக்கிற இடம்தான் தரும்.

கணக்கு எளிசு. பனை 12 மீட்டர், ஃபுல் ஃபிரேம், படுக்கைவாட்டுப் படம். சென்சார் உயரம் 24 மிமீ. பனை அதுல ஆறுல ஒரு பங்கு, அதாவது 4 மிமீ இருக்கணும்னா, 200 எம்எம்ல 600 மீட்டர் தள்ளி நிக்கணும். 35 எம்எம்ல 105 மீட்டர். ரெண்டுலயும் பனை அதே அளவுதான். ஆனா 200ல பின்னாடி தெரியற அகலம் ரொம்பக் குறுகல், வேண்டாததுல பாதிக்கு மேல தானா வெளிய போயிடும்.

டவர் இன்னும் மறையலையா? ஏறாதீங்க, இறங்குங்க. மேட்டுச் சரிவுல நாலு அடி கீழ இறங்கி டிரைபாடைத் தாழ்த்துனா மேட்டு விளிம்பு உயர்ந்து டவரை முழுங்கிடும். பனை மேட்டு மேலயே நிக்கிறதால தலை தப்பிச்சுக்கும்.

600 மீட்டர்ல ஒரே வில்லன் கானல். உறுத்துற படம்னு கேட்டா அதான்: எட்டரை மணிக்கு எடுத்த 40 படம், ஒண்ணுலகூட பனை மட்டை கூர்மையா இல்ல. ஃபோகஸ் தப்புன்னு நினைச்சு லென்ஸை அளவீட்டுக்குக் கொடுத்தா, லென்ஸ்ல ஒரு குறையும் இல்ல. சூடான மணலுக்கு மேல காத்து நெளியுது. ஷட்டரை எவ்வளவு வேகமாக்கினாலும் நெளிவு நெளிவாத்தான் பதியும், விலையுயர்ந்த லென்ஸ் அதை இன்னும் துல்லியமாக் காட்டும். வெயில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சுடணும். இல்லன்னா கிட்டப் போய், 70க்கு இறங்கிடணும்.

சோலைமேடு:
பனையிலிருந்து மலைக்கு வருகிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவின் காட்சிமுனைப் பக்கம் வரையாடு வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று பாறை விளிம்பில் ஒரே ஒரு கிடா. முதுகில் வெள்ளிப் பட்டை விழுந்த முதிர்ந்த ஆண். சுற்றிலும் வெள்ளை மூட்டம். மூட்டம் ஐந்தாறு விநாடி விலகியது. கிடா திரும்பிப் பார்த்தது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடிக்கொண்டிருந்தது. மூட்டம் மூடிவிட்டது. மிஞ்சியது மங்கலான ஒரு படம், "தனிமை" என்று தலைப்பு வைத்தேன். அவ்வளவுதான்.

மூட்டத்தில் ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள வேறுபாடு கிடையாது. அதனால் ஆடு தெரியும்வரை காத்திராமல், அதே தூரத்தில் தெரிகிற பாறை வெடிப்பிலோ புல் விளிம்பிலோ முதலிலேயே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். 30 மீட்டரில் எஃப் 8 வைத்தால் ஆடு இரண்டு அடி நகர்ந்தாலும் கெடாது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கேமரா வெள்ளை மூட்டத்தைச் சாம்பல் என்று கணக்குப் போட்டு இருட்டாக்கும், கிடாவின் கறுத்த உடம்பு கரிக்கட்டை ஆகிவிடும்.

பெரிய லென்ஸ் தேவையே இல்லை. தோள் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். 30 மீட்டரில் 70 எம்எம் வைத்தால் பட உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வரும். பாறையும் பள்ளமும் மீதி. 400 வைத்தால் அது ஆட்டின் படம், மலையின் படம் அல்ல.

சீழ்க்கை போல ஒரு சத்தம் எழுந்தால் அது எச்சரிக்கை. அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது, அப்படியே பின்வாங்க வேண்டும். வளைவில் வண்டியை நிறுத்துவதும் வாழைப்பழம் காட்டிக் கூப்பிடுவதும் இன்னும் நடக்கிறது. பழம் தின்னப் பழகிய ஆடு சாலைக்கு இறங்கும், அங்கே பேருந்து வரும்.

காவோலை:
சோலைமேடு சார், ஒரு சந்தேகம். "ஒரே ஒரு கிடா"ன்னு எழுதியிருக்கீங்க. அந்தச் சரிவுக்குக் கீழ எட்டிப் பார்த்தீங்களா? வளர்ந்த ஆண்கள் வருஷத்துல பெரும்பகுதி பெண்கூட்டத்தை விட்டு ஒதுங்கித்தான் இருக்கும், சரி. ஆனா மழைக்காலம் இனச்சேர்க்கைப் பருவம், அப்ப கூட்டத்தோட சேர்ந்திரும். உங்க படத்துல மூட்டம் இருக்குங்கறதால கேக்கறேன். கூட்டம் பத்தடி தள்ளி மேஞ்சுக்கிட்டு இருக்கும்போது ஒண்ணை மட்டும் வெட்டி எடுத்து "தனிமை"ன்னு தலைப்பு வைக்கிறது எனக்கு ஒப்பல. பனைக்குத் தப்பில்ல, உயிருள்ளதுக்குத் தப்பு. அது தனியா இருந்துச்சுன்னு படிக்கறவன் நம்புவான்.

பனை பத்தியும் ஒண்ணு. யாரும் மரத்தைப் பாக்கலயே, தூரத்தை மட்டும் அளந்தா ஆச்சா? ஏறுற பனைக்குத் தலை சுத்தமா இருக்கும், மட்டை கழிச்சிருப்பாங்க. ஏறாத பனையில காஞ்ச ஓலை பாவாடை மாதிரி கழுத்தைச் சுத்தித் தொங்கும். நிழலுருவமா எடுத்தா முதல் மரம் விசிறி, ரெண்டாவது மரம் ஒரு கறுப்பு உருண்டை. பின்வெளிச்சத்துக்கு ஏறுற மரத்தைத் தேடுங்க. உருண்டை மரத்துக்குப் பக்கவெளிச்சம்தான், அப்பதான் தொங்கற ஓலை ஒவ்வொண்ணும் தெரியும். பதநீர்க் காலத்துல பாளையில கலயம் தொங்கும், ஆள் ஏறுவாரு. மரத்தோட உயரத்தைக் காட்ட ஓர் ஆள் கிடைச்சதுன்னு உடனே கிளிக்காதீங்க. இறங்கினதும் கேளுங்க, மறுநாள் எத்தனை மணிக்கு ஏறுவாருன்னு அவரே சொல்வாரு.

சோலைமேடு:
எட்டிப் பார்க்கவில்லை. கேள்வி நியாயமானது. தலைப்பை மாற்றிவிடுகிறேன்.

பதினாலாம்நிலா:
யாரும் கேக்கல, இருந்தாலும் பனைக்குப் பின்னால நிலா எடுக்கறது பத்திச் சொல்லிடறேன். எனக்கு உறுத்துறது ஒரே வரி: நிலா பனையை விட்டு ரெண்டு மீட்டர் வலப்பக்கம். மத்ததெல்லாம் கீழ.

நிலாவோட கோண அளவு ஏறக்குறைய அரை டிகிரி. அதனால ஒரு பொருளோட அகலத்தை 110ஆல் பெருக்கினா, அந்தத் தூரத்துல நின்னா நிலா அந்தப் பொருளுக்குச் சமமாத் தெரியும். பனைத்தலை 5 மீட்டர்னு வச்சுக்குங்க, 550 மீட்டர். எந்த லென்ஸா இருந்தாலும் இந்தத் தூரம் மாறாது. லென்ஸ் முழுப் படத்தைத்தான் பெருசாக்கும், நிலாவை மட்டும் பெருசாக்காது. 400 எம்எம்ல நிலா சென்சார்ல 3.6 மிமீ.

ஃபோகஸ் பனையில. 400 எம்எம், எஃப் 11ல ஹைப்பர்ஃபோக்கல் தூரம் (அங்கயோ அதுக்கு அப்பாலயோ ஃபோகஸ் வச்சா கடைசித் தொலைவு வரைக்கும் தெளிவா இருக்கும்) 480 மீட்டர் பக்கம், அதனால 550ல இருக்கற பனையும் நிலாவும் ரெண்டும் தெளிவு. அதையே எஃப் 5.6ல எடுத்தா நிலா லேசாக் கரையும்.

எந்த நாள்? எல்லாரும் "பௌர்ணமிக்கு முந்தின நாள்"னு சொல்லிடுவாங்க. நான் வச்சுக்கிட்ட பேரே அதுதான். ஆனா அது மலைக்கோயில் கோபுரத்துக்குச் சரி, சமதரைப் பனைக்குப் பெரும்பாலும் தப்பு. 15 மீட்டர்ப் பனை 550 மீட்டர்லேர்ந்து தொடுவானத்துக்கு மேல ஒண்ணரை டிகிரிதான். நிலா எழுந்து ஆறேழு நிமிஷத்துல அந்த உயரத்துக்கு வந்துடும். முந்தின நாள் நிலா சராசரியா 50 நிமிஷம் முன்னாடியே எழும், அப்ப வெயில் இருக்கும், வெளுத்த அப்பளம் மாதிரி நிக்கும். பனை மேட்டு மேல இருந்தா கோணம் கூடும், அப்ப முந்தின நாளும் பொருந்தலாம். நாள்காட்டியில நிலா உதயமும் சூரிய அஸ்தமனமும் பத்து நிமிஷத்துக்குள்ள வர்ற நாளா எடுங்க, எந்தத் திதியா இருந்தாலும்.

அந்த ரெண்டு மீட்டர்? நம்ம ஊர் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கறதால நிலா கிட்டத்தட்ட நேரா மேல ஏறும். ஆனா முழுக்க நேரா இல்ல, கொஞ்சம் தெற்கே சாயும். ஒண்ணரை டிகிரி ஏறுறதுக்குள்ள 550 மீட்டர்ல அது ரெண்டு மீட்டருக்கு மேல விலகல். கிழக்கே பாத்து நிக்கிற நாம இடப்பக்கம் நகரணும். முன்னாலயே முள்ளு இல்லாத பாதை பாத்து வச்சுக்கணும், இருட்டுல உடைமுள் மேல ஓட முடியாது. நிலா தன் அகலத்தை ரெண்டு நிமிஷத்துல கடந்துடும். ஐஎஸ்ஓ 400, எஃப் 11, 1/60ல தொடங்குங்க, நிலா மேல போகப் போக ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்க.

உப்பங்காத்து:
தனுஷ்கோடி. கடலுக்குள்ள ஒரே ஒரு மரக்குச்சி, வலை கட்டினது போல. பத்து ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி). 1/30 விநாடி வெளிச்சம் 34 விநாடி ஆகும். இருபதாவது விநாடியில அலை பின்வாங்கிச்சு, டிரைபாட் கால் ஒண்ணு மணலோட ஒரு விரல் கடை இறங்கிச்சு. படத்துல ரெண்டு குச்சி, ரெண்டு தொடுவானம்.

டிரைபாட் காலை நட்ட உடனே எடுக்காதீங்க. அழுத்தி அழுத்தி இறக்கி, மூணு அலை வந்து போகட்டும், அப்புறம் நீர்மட்டம் பாத்து நிமிர்த்துங்க. கடைசி மெல்லிய கணுவை முதல்ல நீட்டுங்க, அப்பதான் பூட்டு தண்ணிக்கு மேல இருக்கும். நிறைய பேர் மேல இருக்கற தடிச்ச கணுவைத்தான் முதல்ல நீட்டுறாங்க, பூட்டுக்குள்ள மணல் புகுந்து ஒரே மாசத்துல திருகாது. உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர் கேமரான்னா கண் வச்சுப் பாக்கற வ்யூஃபைண்டரை மூடுங்க, வெளிச்சம் பின்னாலேர்ந்து கசியும். ஏசி காரிலேர்ந்து இறங்கி உடனே பையைத் திறந்தா லென்ஸ் முழுக்க வேர்த்திரும், அரைமணி பையிலயே கெடக்கட்டும். திரும்பி வந்ததும் கால்களை நல்லதண்ணியில அலசணும். உப்பு மேல உலர்ந்த துணி போட்டுத் துடைச்சா அது உப்புத்தாள்.

செம்மணல்:
தொலைவாடி அண்ணே, 24 எம்எம் எடுத்ததுக்குக் காரணம் மணல் அலை. காலடியிலேர்ந்து பனை வரைக்கும் அந்த வரி ஓடணும். 600 மீட்டர்லேர்ந்து 200ல அலை தெரியாது, சிவப்புப் பட்டை மட்டும்தான் தெரியும். டவருக்கு நீங்க சொன்ன "இறங்குங்க" மட்டும் எடுத்துக்கறேன்.

தொலைவாடி:
அலை இருக்கற நாள்ல 24, இல்லாத நாள்ல 200. சரியா?

புதுக்கேமரா:
எல்லாரும் சொன்னதைக் குறிச்சுக்கிட்டேன். தேரிக்கு எந்த மாசம் போகலாம்?

செம்மணல்:
மாசி. காத்து அடங்கியிருக்கும், அதனால தடமும் அழியாது, "முதல்ல தூரம், அப்புறம் கிட்ட"ங்கறதை மறக்காதீங்க. செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாங்க. உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு மேல வரும்.