"இன்னும் தவழல்லையா?": பிந்திய பிள்ளைகளின் கதைகள்

ஆரையம்பதி அம்மா:

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் வயது தாய்க்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை, தெருவுக்கே தெரியும். மீன்காரர் வந்து நிற்கும்போது, "எட்டு மாசமாகிட்டு, இன்னும் தவழல்லையா புள்ள?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பொல்லாப்பு நினைத்துக் கேட்பதில்லை, ஆனாலும் அன்றிரவு நித்திரை வராது. உங்கள் பிள்ளை எதில் பிந்தியது, யார் என்ன சொன்னார்கள், மறுகா என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

என் மகள் கடைசிவரை தவழவே இல்லை. எட்டாம் மாதம் பிடியில்லாமல் நிமிர்ந்து இருந்தாள். பிறகு ஒரு காலை மடித்து, மற்றக் காலால் உந்தி, இருந்த இருப்பிலேயே அரக்கிப் போகத் தொடங்கினாள். சிமெந்து நிலத்தில் அவளைப் பிடிக்க முடியாது. காற்சட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்தன. பெத்தா (பாட்டி) நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து இருந்துவிட்டா. "தவழாத புள்ளைக்கு முதுகு பலக்காது மகள்" என்று.

கிளினிக்கில் மிட்வைப் மிஸ் வேறு விஷயங்களைத்தான் பார்த்தா. மடியில் நிறுத்தி இரண்டு பாதமும் ஒரே மாதிரி ஊன்றுகிறதா, சாவிக்கொத்தை நீட்டினால் இரண்டு கையாலும் எடுக்கிறாளா, ஒரு கை எந்நேரமும் பொத்தியபடி இருக்கிறதா. ஒரு வயதுக்கு முன்னமே பிள்ளை ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை விட்டுவிட்டால் அதைத்தான் உடனே காட்ட வேண்டுமாம். இவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. "சில பிள்ளைகள் தவழாது, நேரே எழும்பி நடக்கும்" என்று பிள்ளையின் நிறை, வளர்ச்சி எல்லாம் பதிகிற கிளினிக் கொப்பியைத் தந்து அனுப்பிவிட்டா.

பிறகு தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. நூற்றுக்கு நாலு பிள்ளைகள் போல அதில் கை, முழங்காலில் தவழவே இல்லை. தனியே நடப்பதற்கு அவர்கள் கண்ட வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. இடையில் ஒன்பது மாதத்துக்கு மேல்! பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தில் நடந்ததும், என் மகள் பதினைந்து தாண்டி நடந்ததும் ஒரே கணக்குக்குள்தான்.

திருக்கோவில் அப்பா:

எங்கள் மகன் 32 வாரத்தில் பிறந்தவன். தமிழ் படிப்பிக்கிற எனக்குப் பிள்ளைத்தமிழ்க் கணக்கு மனப்பாடம்: ஐந்தாம் மாதம் செங்கீரை, அதாவது தலை நிமிர்த்தி ஆடுதல்; ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது கைகொட்டல். எங்கள் வீட்டில் ஐந்தாம் மாதம் தலைகூட வடிவாக நிற்கவில்லை. மனைவி வீட்டில் யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடப் பயமாக இருந்தது.

குறைமாதப் பிள்ளையின் வயதைப் பிறந்த திகதியிலிருந்து எண்ணக்கூடாது என்று பிள்ளை வைத்தியர்தான் விளங்கப்படுத்தினார். 40 வாரத்துக்கு எத்தனை வாரம் குறைவோ அதைக் கழிக்க வேண்டும். இவனுக்கு எட்டு வாரம், கிட்டத்தட்ட இரண்டு மாதம். ஐந்து மாதப் பிள்ளை என்று நாங்கள் பயந்தது உண்மையில் மூன்று மாதத்துப் பிள்ளையை. இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்ப்பார்களாம். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழிவு கிடையாது, அது பிறந்த திகதிப்படியே போட வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவன் கைகொட்டியது பதினொராம் மாதம். இரண்டைக் கழியுங்கள். புலவர்கள் பிழைவிடவில்லை!

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் இருந்தபோது சட்டையைக் கழற்றி நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையை வைத்திருக்கச் சொன்னார்கள். தாய்க்கு மட்டும் இல்லை, எனக்கும். கங்காரு முறை என்று பெயர். 1970களின் கடைசியில் கொலம்பியாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது, இப்போது வசதி உள்ள நாடுகளிலும் செய்கிறார்கள். என் நெஞ்சில் கிடந்தபோது அவன் மூச்சு சீராவதை மிஷின் திரையில் நானே பார்த்தேன்.

கல்லடி மாமா:

வோக்கர் பற்றி ஒரு வார்த்தை. கட்டாரிலிருந்து மச்சான் பெட்டியில் அனுப்பியது, சில்லும் பாட்டும் வெளிச்சமும். வைத்தியர் கண்டதும் கழற்றி வைக்கச் சொன்னார். அதில் போட்டால் பிள்ளை நுனிக்காலால் உந்தி ஓடும், நடக்கப் பழகாது, நடை பிந்தவும் கூடும். படிக்கட்டில் உருண்டால் அதோடு சரி. கனடாவில் 2004இலிருந்து விற்கவே தடை. இப்போது எங்கள் வீட்டில் அதில் உடுப்புக் காய்கிறது.

சாய்ந்தமருது உம்மா:

என் மகன் நடையில் பிந்தவில்லை, பேச்சில்தான். இரண்டு வயது வந்தும் "உம்மா"வும் இன்னும் ஒன்றிரண்டு சொல்லும்தான். மூத்தம்மா சொன்னது: "அவன்ட வாப்பாவும் மூணு வயசிலதான் கதைச்சார். ஆம்புளப் புள்ளைகள் அப்படித்தான்." இந்த வார்த்தை எத்தனை வீட்டில் எத்தனை மாதத்தைத் தின்றிருக்கும் தெரியாது.

காது கேட்கவில்லை என்று யாருமே நினைக்கவில்லை. பட்டாசு வெடித்தால் அழுவான். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் முடுக்கில் திரும்பும்போதே வாசலுக்கு ஓடுவான். ஆனால் நான் குசினியில் நின்று பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகத்துக்கு நேரே சொன்னால் செய்வான். அடிக்கடி தடிமன், வாயால் மூச்சு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கிளினிக் டொக்டரிடம் கொடுத்தேன். அவர் காதுப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தார். நடுக்காதில் நீர் தேங்கியிருந்தது. இப்படியான பிள்ளைக்குப் பெரிய சத்தம் கேட்கும், மெல்லிய எழுத்துகள் தப்பிப்போகும். எங்களுடைய பேச்சு அவனுக்குத் தண்ணீருக்குள் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறது. ஊமை என்று சொல்லிப்போட்டார்கள் சிலர்.

பல பிள்ளைகளுக்கு அந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடுமாம், வற்றாவிட்டால்தான் சின்ன ஒப்பரேசன். இவனுக்கு வற்றிவிட்டது. அதோடு பேச்சு ஊற்றெடுத்து வரும் என்று நினைக்க வேண்டாம், விட்டுப்போனதை எட்டிப்பிடிக்க வேண்டும். பேச்சுச் சிகிச்சை மிஸ் தந்த வேலை லேசானது, ஆனால் பொறுமை வேண்டும். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குந்தி இருந்து, "சோறு வேணுமா? மீன் வேணுமா?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது. நாங்களே பதிலையும் சொல்லக்கூடாது. போன் கையில் கொடுக்கக்கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், அதன்பிறகும் நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் இதைத்தான். சோறூட்டும் நேரம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது வாய் மூடுவதில்லை, பள்ளிவாசலில் வாங்கு சொன்னால் கூடவே இவனும் சொல்கிறான்.

படுவான்கரை மிட்வைப்:

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். நீங்கள் எல்லோரும் தவழ்வது, நடப்பது, கதைப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். கிளினிக்கில் நான் கண்ட கண்ணீர் கூடுதலாக நிறையால் வந்தது.

தொங்கு தராசில் காற்சட்டை மாதிரித் துணியில் பிள்ளையைப் போட்டுத் தூக்கினால், அது உதைக்கிற உதையில் முள் நிற்காது. நிற்கும் மட்டும் தாய்மார் முள்ளைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் ஏறக்குறைய ஐந்து மாதத்தில் பிறந்த நிறையின் இரண்டு மடங்குக்கு வரும், ஒரு வயதில் மூன்று மடங்கு. அதன்பிறகு வேகம் அப்படியே குறைந்துவிடும். இரண்டாம் வருடம் முழுக்கக் கூடுவது இரண்டு, இரண்டரைக் கிலோதான். அந்த நேரம் பிள்ளை ஓடித் திரியும், கன்னம் வற்றும், சாப்பாட்டைத் தட்டிவிடும். "மிஸ், புள்ள தேஞ்சி போறான்" என்று வருவார்கள். கொப்பியில் உள்ள நிறை வரைபில் பார்த்தால் தன் கோட்டிலேயே போய்க்கொண்டிருப்பான். சின்னக்கூட்டான பிள்ளை தன் கோட்டில் ஏறினால் எனக்குக் கவலை இல்லை. வரைபில் நல்ல நிறையைக் காட்டும் பச்சைப் பகுதிக்குள் கொழுகொழு என்று இருந்த பிள்ளையின் கோடு இரண்டு மூன்று மாதம் படுத்துக் கிடந்தால்தான் வீட்டுக்குப் போவேன்.

போய்ப் பார்த்தால் அனேகமாகக் கஞ்சி. ஆறு மாதத்துக்குப் பிறகும் அரிசிக் கஞ்சித் தண்ணியைப் போத்தலில் அடைத்துக் கொடுப்பார்கள், வயிறு நிரம்பும், சத்து ஏறாது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத பதத்தில் குழைத்த சோறு, பருப்பு, கீரை, முள் எடுத்த வாவி மீன், வறுத்து இடித்த நெத்தலித் தூள், மேலே கொஞ்சம் தேங்காய்ப்பால். இது எந்த வீட்டிலும் முடியும். கிளினிக்கில் பிள்ளைக்கென்று கொடுக்கிற திரிபோஷா சத்துமா பக்கெட்டை வீடே பங்கு போட்டுச் சாப்பிடுவது எனக்குத் தெரியாதது இல்லை. அதற்காக நான் எந்தத் தாயையும் ஏசியதில்லை. நாலு பிள்ளைகள் சுற்றிவர இருந்து பார்க்கும்போது ஒன்றுக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அவளுக்கு மற்றப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வழி சொல்ல வேண்டும்.

இன்னொரு பழைய கதை. 2006க்கு முந்திய வரைபு பெரும்பாலும் பால்மா குடித்த அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துக் கீறியது. தாய்ப்பால் மட்டும் குடித்த நல்ல பிள்ளைகூட நாலைந்து மாதத்தில் அதில் விழுவது போலத் தெரியும். அதை நம்பிப் பால்மாவுக்கு மாறியவர்கள் எத்தனை பேர்! இப்போதைய வரைபு தாய்ப்பால் குடித்த பிள்ளைகளை வைத்துக் கீறியது, நம்பிப் பாருங்கள்.

வாழைச்சேனைத் தாய்:

ஒரு கேள்வி. மகனுக்கு 15 மாதம். ஒரு வயதில் "டாட்டா" காட்டுவான், "அம்மா" என்பான். இப்போது இரண்டும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் பார்ப்பதில்லை. மாமி "கண்ணூறு, திரும்ப வரும்" என்கிறா. பொறுத்துப் பார்க்கலாமா?

படுவான்கரை மிட்வைப்:

பொறுக்க வேண்டாம் மகள். பிந்தி வருவது வேறு, வந்தது போவது வேறு. எந்த வயதிலும், எந்தத் திறமை வந்து மறைந்தாலும் காட்ட வேண்டும். மாமி கண்ணூறு கழிக்கட்டும், அதற்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அடுத்த கிளினிக் நாள்வரை இருக்காமல் இந்தக் கிழமையே எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போங்கள். காதையும் பார்க்கச் சொல்லுங்கள். கொப்பியை மறக்காமல் எடுங்கள். முன்பு டாட்டா காட்டிய வீடியோ போனில் இருந்தால் அழிக்காமல் வையுங்கள், இப்போது கூப்பிட்டுத் திரும்பாமல் இருப்பதையும் ஒன்று எடுங்கள். டொக்டருக்கு முன்னால் பிள்ளை வேறு மாதிரி நடக்கும், வீடியோதான் உதவும்.