ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் நாற்று

பெரியம்மா: பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் ஆவணி 12 என்று முடிவாகிவிட்டது. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு காய்கறி நாற்றும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 150 நாற்று வேண்டும். தொட்டி எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அவரவர் வீட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

சேலம் சித்தப்பா: அண்ணி, எங்களிடம் தயிர் டப்பாக்கள் நிறைய இருக்கின்றன.

சென்னை அண்ணி: அத்தை, பால் கவர்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அக்கா: நம் வீட்டுப் பரணில் கொட்டாங்கச்சி ஒரு சாக்கு இருக்கிறது.

திருச்சி அத்தை: அண்ணி, மூன்றுமே உதவும், ஆனால் எந்த நாற்று எத்தனை நாள் அதில் நிற்கப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் எதில் எதை விதைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மிளகாய் நாற்று 40 நாள் வரை நிற்கும், கத்தரி 30 முதல் 35 நாள், தக்காளிக்கு 25 நாள் போதும். இன்று ஆடி 2 என்பதால் மிளகாயை நாளைக்கே விதைத்தாக வேண்டும். கத்தரியை ஆடி 10 வாக்கில் விதைக்கலாம். தக்காளியை ஆடிப்பெருக்கு அன்று விதைத்தால் கல்யாணத்துக்குச் சரியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தால் தக்காளி முற்றிப்போய், வேர் டப்பாவுக்குள்ளேயே சுருண்டுவிடும்.

பெரியப்பா: தக்காளி மட்டும் கொடுத்தால் போதாதா?

பெரியம்மா: மிளகாய் அவசியம் வேண்டும்.

திருச்சி அத்தை: மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஆழம் வேண்டும் என்பதால் அரை லிட்டர் பால் கவரே ஏற்றது. மேல் விளிம்பை நேராக வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, அடியில் இரண்டு மூலைகளையும் கத்தரித்துவிட்டால் தண்ணீர் தேங்காது. தயிர் டப்பாவில் புளித்த வாடை கொஞ்சமும் இருக்கக் கூடாது, இருந்தால் எறும்பும் பூஞ்சையும் வந்துவிடும். அடியில் சூடான கம்பியால் நான்கு துளை போடுங்கள். கொட்டாங்கச்சியில் கண் உள்ள பாதியை மட்டும் எடுத்தால், ஆணியால் கண்ணைக் குத்தினாலே துளை கிடைத்துவிடும். அது தக்காளிக்குப் போதும். பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா இரண்டையும் யாரும் கொண்டுவராதீர்கள்.

சேலம் சித்தப்பா: புடலையும் சுரையும் கொடுக்கலாமே, அக்கா?

திருச்சி அத்தை: கொடுக்கலாம், தம்பி. ஆனால் கொடி வகைகளுக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. செய்தித்தாளைக் குவளையாகச் சுற்றி, கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அதில் விதைத்தால், வாங்கிப் போகிறவர்கள் காகிதத்தோடு அப்படியே மண்ணில் வைத்துவிடலாம். வெண்டையையும் கீரையையும் நேராக மண்ணில் விதைப்பதே நல்லது.

சேலம் சித்தப்பா: என் மகள் கல்யாணத்தில் பிளாஸ்டிக் டப்பா கொடுத்ததை அக்கா இன்றுவரை மறக்கவில்லை என்பது தெரியும். அதனால்தான் காகிதக் குவளைப் பொறுப்பை நானே கேட்கிறேன்.

திருச்சி அத்தை: மனத்தில் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை, தம்பி. நீயே செய்.

சென்னை அண்ணி: பரணை ஒழிக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அத்தை தடுத்தார்கள். அந்தச் சாக்கு இப்போது உதவுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். மண்ணுக்கு என்ன செய்வது?

திருச்சி அத்தை: செம்மண், மட்கிய தொழுவுரம், உப்புப் போகக் கழுவிய தென்னைநார்த் தூள் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். விதையை அதன் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். முளைத்த பிறகு குடம் குடமாக ஊற்றினால் தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்துவிடும். நாற்றழுகல் வந்தால் ஒரே இரவில் பாதி போய்விடும். விதைப்பதற்கு முன், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் ஒரு சிட்டிகையில் விதையைப் புரட்டிக்கொண்டால் நல்ல பாதுகாப்பு. கடைசி வாரம் தண்ணீரைக் குறைத்து, வெயிலில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

சென்னை அண்ணன்: எடுத்துப்போக என்ன கொடுப்பது? 2019 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறதே.

அக்கா: மஞ்சப்பையில் வைத்துக் கொடுக்கலாம்.

பெரியம்மா: அதற்குத் துணி என்னிடம் இருக்கிறது. யார் தைப்பது?

பெரியப்பா: அதை அப்புறம் பேசலாம். 150 நாற்றுக்கும் தினமும் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

சேலம் சித்தப்பா: அண்ணன் வீட்டு மாடியில்தானே வைக்கிறோம்?

பெரியப்பா: எங்கள் மாடியில் நிழல் இல்லை.

திருச்சி அத்தை: ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்த்துச் சொல்கிறேன், அண்ணா. அதற்குள் மிளகாயை மட்டும் யாராவது விதைத்துவிடுங்கள்.