மறு: 'பிளேன் ஸ்பாட்டிங்' நேரலை – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

விமானங்கள் வந்துபோவதைப் பார்த்து வகையையும் பதிவெண்ணையும் குறித்துவைக்கும் பொழுதுபோக்குதான் பிளேன் ஸ்பாட்டிங். அதை நேரலையாகக் காட்டப்போகும் ஒரு தம்பி, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டுத் தொடங்கிய இந்த இழையை நான்கு நாளாக வேலைக்குப் போகும் பேருந்தில் படித்துக்கொண்டு வருகிறேன். நான் குடியிருப்பது லண்டன் ஹவுன்ஸ்லோவில். ஹீத்ரோவின் தெற்கு ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் எங்கள் வீட்டுக் கொடித்துணிக்கு மேலேதான் போகும். அதனால் இந்தச் சொல் எனக்கு அகராதி வேலை மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை வேலையும்கூட. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> விமான நோட்டம், விமான நோட்டர். சின்னச் சொல், சொந்த வேர். இதையே வைத்துவிடலாமே?

ஐயா, சொல் அழகுதான். எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு விமான நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய சாலையில் நீள லென்ஸ் போட்ட கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். பைக்கில் வந்த காவலர் வண்டியை நிறுத்தி, "என்ன சார், நோட்டம் விட்டுக்கிட்டு இருக்கீங்களா?" என்றார். "பிளேன் பாக்கறேன் சார்" என்றேன். "அதான் தெரியுதே. எதுக்கு?" என்றார். அதற்கு என்னிடம் ஒரு சொல் இல்லை. பையிலிருந்த குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாக VT என்று தொடங்கும் இந்திய விமானப் பதிவெண்கள், எதிரே நேரம், விமான வகை, சிலவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். அவர் கையில் இருந்து பார்க்கும்போது எனக்கே அது என்னவோ சதித்திட்டம் மாதிரி தெரிந்தது. கடைசியில் மச்சினன் வந்து, "மாமாவுக்குச் சின்ன வயசுலேர்ந்து இந்தக் கிறுக்கு சார்" என்றான். கிறுக்கு என்ற சொல் புரிந்தது, விட்டுவிட்டார்கள்.

நோட்டம் பழைய பொருளில் எவ்வளவு பொருத்தமான சொல் என்பதும் எனக்குத் தெரியும். நாணய நோட்டம் என்றால் காசைப் புரட்டிப் பார்த்து நல்லதா கள்ளக்காசா, எந்த வார்ப்பு என்று சொல்வது. அதைத் தொழிலாகச் செய்தவர் நோட்டக்காரர். ஸ்பாட்டிங்கும் அச்சு அசல் அதுதான். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும்போதே எஞ்சின் எத்தனை, இறக்கை நுனி எப்படி வளைந்திருக்கிறது, சக்கரக்கூட்டம் எப்படித் தொங்குகிறது என்று பார்த்து போயிங் 777ஆ ஏர்பஸ் ஏ350ஆ என்று சொல்வது. இருநூறு ஆண்டுக்கு முன் இந்தப் பொழுதுபோக்கு இருந்திருந்தால் நோட்டத்துக்கே என் ஓட்டு. இப்போதோ 'பூட்டிய வீடுகளை நோட்டமிட்டு' என்று நாளிதழ்கள் அந்தச் சொல்லைத் திருடர்களுக்கே எழுதிக்கொடுத்துவிட்டன. அதை மீட்டெடுக்கும் பொறுப்பை, சுவருக்கு வெளியே கேமராவோடு நிற்கும் ஒரு இருபது வயதுப் பையன் தலையில் வைக்க வேண்டாம்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு: 2001 நவம்பரில் கிரீஸின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில், பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட நாளில், 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் பிடிபட்டார்கள். குற்றம் உளவு. அவர்களிடம் இருந்தவை என்னுடையது போன்ற குறிப்பேடுகள். விமான எண்களை எழுதிவைப்பதற்கென்றே மனிதர்கள் காசு செலவழித்து நாடு விட்டு நாடு வருவார்கள் என்பதை அங்கே யாரும் நம்பத் தயாராக இல்லை. ஐந்து வாரம் போல உள்ளே இருந்தார்கள். 2002 ஏப்ரலில் எட்டுப் பேருக்கு மூன்றாண்டு சிறை, ஆறு பேருக்கு ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை என்று தீர்ப்பு. அந்த நவம்பரில் மேல்முறையீட்டில் பதினான்கு பேரும் விடுதலை. செய்யும் காரியத்துக்கு ஊரறிந்த பெயர் இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் கெட்ட பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்தில் ஏன் அது நடக்கவில்லை? இரண்டாம் உலகப்போரில் தொழிற்சாலைக் கூரைகளில் ஆள் நிறுத்தி எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அவர்களுக்குத்தான் அந்த ஸ்பாட்டர் பெயர் பரவலாக நிலைத்தது. அப்படிப் பழகிய கண்கள் போர் முடிந்தபின் பொழுதுபோக்குக்குத் திரும்பின. ஆங்கிலச் சொல்லுக்குள் காவல் இருக்கிறது, ஆனால் அது நம் பக்கத்து ஆள் செய்த காவல். அந்த வரலாறு நமக்கு இல்லை. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் காவல் மட்டும் வந்து சேரும், நம்பிக்கை வராது.

> அப்படியானால் 'விமானக் கண்காணிப்பு'? எல்லோருக்கும் புரியுமே.

புரிவதுதான் பிரச்சினை. கண்காணிப்பு என்றால் இன்றைக்குக் கடை வாசலில் தொங்கும் கேமரா. அதற்கு முன்னால் தோட்டத்துக் கங்காணி. மலையகத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் மேல் எந்தப் பாசமும் இருக்காது என்று நினைக்கிறேன். தவிர, விமானத்தைக் கண்காணிப்பது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் வேலை. நாம் சுவருக்கு வெளியே நிற்பவர்கள்.

> நாங்கள் யாழ்ப்பாணத்தில் 'அவதானிப்பு' என்றுதான் எழுதுவம். விமான அவதானி சரியில்லையா?

அக்கா, உங்கள் பக்கத்துக்கு மிகச் சரி. அங்கே அவதானிப்பது அன்றாட வினை. இந்தப் பக்கம் அவதானி என்றால் ஒரே நேரத்தில் எட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லும் புலவர் நினைவுக்கு வருகிறார். இரண்டாம் சொல்லாக அகராதியில் இருக்கட்டும், நீக்க வேண்டாம்.

'விமான வேடிக்கை' என்று ஒருவர் பாதி விளையாட்டாக எழுதியிருந்தார். சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். "சும்மா வேடிக்கை பார்க்கிறோம் சார்" என்பதைவிடச் சட்டப் பாதுகாப்பான வாக்கியம் தமிழில் கிடையாது. ஆனால் அதில் குறிப்பேடு இல்லை. பதிவெண்ணை எழுதி, வீட்டுக்குப் போய்ப் பழைய பட்டியலோடு சரிபார்ப்பவனை வேடிக்கை பார்க்கிறவன் என்றால் கோபித்துக்கொள்வான்.

என் ஓட்டு விமான நோக்கல், செய்பவர் விமான நோக்கர். காரணம் எளிது. பறவை நோக்கல், பறவை நோக்கர் என்று ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்டோம். ஏரிக்கரையில் தொலைநோக்கியோடு நிற்பவரை இன்றைக்கு யாரும் திருடன் என்று நினைப்பதில்லை. பட்டியல், பருவம், அரிய வரவு என்று அந்தப் பொழுதுபோக்கின் பழக்கங்கள் எல்லாம் இதிலும் உண்டு. அந்த நல்ல பெயரில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம். வானூர்தியா விமானமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. நம் குழுவில் அது தொடங்கினால் 'வலவன் ஏவா வான ஊர்தி' வரும் புறநானூற்று 27ஆம் பாட்டில் போய்த்தான் தரையிறங்கும். ஹெலிகாப்டரையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வானூர்தி என்று எழுதுங்கள், மற்ற இடத்தில் மக்கள் சொல்லும் விமானம் போதும்.

இனி நேரலை. இழையைத் தொடங்கிய தம்பி, சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழவந்தாங்கல் மொட்டை மாடியிலிருந்து செய்யப்போவதாக எழுதியிருந்தார். 'நேரோடை', 'ஓடைபரப்பு' எல்லாம் முன்மொழியப்பட்டன. நேரலை என்ற சொல் தொலைக்காட்சித் திரையின் மூலையில் இத்தனை ஆண்டு உட்கார்ந்து பழகிவிட்டது, அதை எழுப்ப வேண்டாம். 'ஒளிபரப்பு' மட்டும் வேண்டாம் என்பேன். அந்தச் சொல்லைக் கேட்டால் உரிமம் எங்கே என்று கேட்கத் தோன்றும்.

விமான நோக்கல் நேரலை என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டிய நாள் 2022 பிப்ரவரி 18. யூனிஸ் புயல். பிக் ஜெட் டிவி என்ற யூடியூப் அலைவரிசையை நடத்தும் ஜெர்ரி டயர் ஹீத்ரோ பக்கத்தில் தன் வண்டியின் கூரைமேல் நின்று காட்டியதை ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். குறுக்குக் காற்றில் விமானம் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வரும். ஓடுபாதைக்கு மேல் வந்ததும் கடைசி நொடியில் நேராகும், ஒரு பக்கச் சக்கரம் முதலில் தொடும், புகை எழும், அப்புறம்தான் மறுபக்கம். சில நேரம் தொடாமலேயே எஞ்சின் உறுமி மேலே போய்விடும். கோ-அரவுண்ட் என்கிறார்கள். 'மீளெழல்' என்று வைக்கலாமா? நண்டுக்கு நண்டே போதும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பி வழியே, மேலே எழுத்தோ குறியோ இல்லாத சுத்தமான படம் தரும் கேமரா, அந்தப் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கார்டு, மடிக்கணினியில் ஓபிஎஸ் (OBS) என்ற நேரலை மென்பொருள், காற்றிரைச்சலைத் தடுக்க மைக்குக்கு ஒரு மயிர்த்தொப்பி. நொடிக்கு 6 மெகாபிட் ஏற்றினால் மணிக்கு 2.7 ஜிபி ஓடிவிடும், செல்போன் டேட்டாவை நம்பி இறங்குபவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் பிந்தி வரும் லேட்டன்சிக்குச் 'சுணக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமை. மேலே இரைச்சல் கேட்டு முடிந்த பிறகுதான் திரையில் விமானம் வரும், சுணங்கித்தான் வரும். ஹீத்ரோவில் இன்னொரு தொல்லை. மேற்கு நோக்கி இறங்கும் நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றிவிடுவார்கள், அண்டை வீட்டாருக்குப் பாதி நாளாவது காது ஓய்வு வேண்டுமல்லவா. தெற்கு ஓடுபாதைக்கு இறங்கும் வழியில் இருக்கும் மர்ட்டில் அவென்யூ புல்வெளியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் மூன்றடிக்கும்போது ஃபிளாஸ்க்கை மூடுவதைப் பார்க்க வேண்டும்.

சட்டம் படத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது. இதைத்தான் இழையில் யாரும் தொடவில்லை. இங்கே பிரிட்டனில் பொது இடத்தில் நின்று விமானத்தைப் படமெடுக்கத் தடையில்லை. ஆனால் விமானியும் கோபுரமும் பேசுவதை நேரலையில் சேர்த்தால் கதை வேறு. 2006 கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, உங்களுக்கென்று அனுப்பப்படாத செய்தியை அனுமதியின்றிக் கேட்பதையும் அதில் உள்ளதை வெளியிடுவதையும் குற்றமாக்குகிறது. புல்வெளியில் பாதிப் பேர் கையில் ரேடியோ இருக்கும், யாரும் தட்டிக்கேட்பதில்லை. நேரலையில் விட்டால் அது வெளியீடு. அமெரிக்காவில் நேர்மாறு. 1986இல் வந்த மின்னணுத் தொடர்புத் தனியுரிமைச் சட்டம், பொது மக்கள் கேட்கக்கூடியவற்றில் வான்போக்குவரத்துப் பேச்சையும் சேர்த்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நேரலைகளில் கோபுரத்தின் குரல் கேட்பது அதனால்தான்.

இந்தியாவிலும் ஆட்கள் மாட்டியது கேமராவால் அல்ல. 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கிய இரண்டு பிரிட்டிஷ் நோக்கர்கள், விமானங்கள் தாமே அனுப்பும் குறிகளை வாங்கிக் காட்டும் ஒரு பெட்டியை வைத்திருந்ததால் கைதானார்கள். தந்திச் சட்டத்தின்கீழ் ஆளுக்கு 25,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு ஏப்ரலில்தான் வீடு திரும்பினார்கள். படத்துக்கு வருவோம்: 1937 விமான விதிகளின் 13ஆம் விதி பேசுவது அரசு விமான நிலையத்தின் உள்ளே எடுக்கும் படத்தையும், பறக்கும் விமானத்திலிருந்து எடுக்கும் படத்தையும். சொந்த மொட்டை மாடி இரண்டிலும் வராது. ஆனால் படைத்துறை இடங்களுக்கு 1923 அலுவலக ரகசியச் சட்டம் இருக்கிறது. உங்கள் பக்கத்துப் பரங்கிமலையில் ராணுவப் பயிற்சி நிலையம் இருப்பதை மறந்து கேமராவைச் சுற்றிச் சுழற்ற வேண்டாம், தம்பி. வானத்தைப் பார்த்தே வைத்திருங்கள். (1934 விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்திருக்கிறது. வாயு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வயிறுதான் நினைவுக்கு வரும் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.)

அந்தக் கேட்கும் கருவிக்கும் ஒரு சொல் வேண்டும். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் ஏர்பேண்ட் ரேடியோ. 'வான் வானொலி' என்று எழுதினால் நாக்கு தடுக்குகிறது. வானொலி என்று நாம் பெயர் வைத்த பெட்டியில் இத்தனை காலம் சினிமாப் பாட்டுதான் வந்தது, உண்மையிலேயே வானத்திலிருந்து ஒலி வரும் பெட்டிக்குச் சொல் மிச்சமில்லை. 'வான்பேச்சு வாங்கி' என்கிறேன். 'ஒட்டுக்கேட்பி' என்ற முன்மொழிவைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது கருவியின் பெயரல்ல, குற்றப்பத்திரிகை.

தம்பிக்கு: அலைவரிசைத் தலைப்பில் 'சென்னை விமான நோக்கல் – நேரலை' என்று போட்டுப் பாருங்கள். ஒலிக்கு உங்கள் தெரு ஓசையே போதும், காக்கையும் குக்கர் விசிலும் கேட்டால் இங்கிருந்து பார்க்கிற எனக்கு இரட்டை லாபம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'விமான நோக்கல் பதிவேடு' என்று எழுதி, உங்கள் பெயரையும் வீட்டு முகவரியையும் கீழே போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

லாக் புக்குக்குப் பதிவேடா, வரவேடா என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை. எனக்கு வரவேடு பிடித்திருக்கிறது, ஆனால் கணக்கர்கள் சண்டைக்கு வருவார்களோ என்று தயக்கம்.

அன்புடன்,
ஹவுன்ஸ்லோவிலிருந்து