ஆக்சலாட்டிலா, இந்திரி லெமூரா: யாருக்கு ஆபத்து அதிகம்?

நீர்த்தும்பி கேட்டது:
எங்க வீட்டுத் தொட்டியில மூணு வருஷமா ஒரு ஆக்சலாட்டில் இருக்கு, தண்ணியிலேயே வாழுற ஒரு வகை சாலமாண்டர், பாக்க பல்லி மாதிரி இருக்கும். சின்னதா இருந்தப்ப கூட இருந்த இன்னொண்ணு முன்காலைக் கடிச்சுத் துண்டாக்கிடுச்சு. கொஞ்ச நாள்ல அங்க ஒரு மொட்டு வந்து, நாலு விரலோட கால் முழுசா முளைச்சுது. அழியுற ஆபத்துல இருக்கிற உயிரினங்களோட சிவப்புப் பட்டியல்ல (IUCN) இதை மிக ஆபத்தான நிலைன்னு வச்சிருக்காங்க. மடகாஸ்கர் தீவுல மரத்துல வாழுற, குரங்குக்குச் சொந்தமான இந்திரி லெமூரும் அதே வரிசைதான். ஊரெல்லாம் தொட்டியில நீந்துறதும் காட்டுல மட்டுமே இருக்கிறதும் எப்படி ஒண்ணாகும்?

சேற்றுவயல்:
பட்டியல் பார்ப்பது காட்டில் இருப்பதை மட்டும்தான். ஆக்சலாட்டிலுக்குச் சொந்த இடம் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ கால்வாய்கள். 1998இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 இருந்தன, 2014இல் 36. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கெண்டை, திலாப்பியா மீன்கள் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன, தண்ணீரும் கெட்டுவிட்டது. ஆய்வகங்களிலும் தொட்டிகளிலும் உள்ளவை பெரும்பாலும் 1860களில் பாரிஸுக்குப் போனவற்றின் வாரிசுகள். நடுவில் நெருங்கிய இனமான புலிச் சாலமாண்டரின் ரத்தமும் கலந்தது. உங்களுடையது காட்டு ஆக்சலாட்டிலுக்குத் தூரத்துச் சொந்தம்.

காட்டுவழி:
மடகாஸ்கரின் அந்தசிபே காட்டில் ஒரு விடியலில் இந்திரி பாடுவதைக் கேட்டேன். ஒரு குடும்பம் நீளமாக இழுத்து ஊளையிட, மலைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு குடும்பம் பதில் கொடுத்தது. இன்னமும் காதில் இருக்கிறது. என்னைக் கேட்டால் பயம் இதற்குத்தான் அதிகம். ஆக்சலாட்டில் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இந்திரி இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். கூண்டில் வளர்க்கப் பார்த்தவர்கள் யாருக்கும் அது பிழைக்கவில்லை. பலவகை மரங்களின் இளந்தளிர் தின்று வாழும் பிராணி. நெல்லுக்காகக் காட்டை வெட்டி எரித்துக்கொண்டே போகிறார்கள். இதைக் கொல்லக்கூடாது என்று ஊர்க்காரர்களிடம் இருந்த பழைய விலக்கும் பல இடங்களில் தளர்ந்துவிட்டது.

நீர்த்தும்பி:
அப்போ தொட்டியில வளர்ந்தது திரும்பக் கால்வாயில பிழைக்குமா?

சேற்றுவயல்:
பிழைக்கிறது. வளர்த்த 18 ஆக்சலாட்டில்களுக்கு ரேடியோ கருவி பொருத்தி நீர்நிலைகளில் விட்டார்கள். கவனித்த நாட்கள் வரை எல்லாம் உயிரோடு இருந்தன, திரும்பப் பிடித்தவை எடையும் கூடியிருந்தன. சினாம்பா என்ற, நீர்நிலையில் மேடுகட்டிப் பயிர்செய்யும் தோட்டங்களுக்கு நடுவே கெண்டை நுழையாதபடி வாய்க்காலில் தடுப்பு வைத்தும் இடம் ஒதுக்குகிறார்கள். ஆனால் உங்களுடையதை எந்தத் தண்ணீரிலும் விட்டுவிடாதீர்கள், நோய் பரவும்.

காட்டுவழி:
இந்திரிக்கு இப்படி ஒரு வழி இல்லை. நிற்கிற காட்டை விட்டுவைத்தால்தான் உண்டு.